சட்டம் கேளுங்கள்: பையன் மேல் ஸ்டாக்கிங் புகார்

கேள்வி: மேடம், என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கூடப் படிக்கும் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்தான் என்று மகளிர் காவல் நிலையத்தில் புகார் போயிருக்கிறது, நாளைக் காலை வரச் சொல்கிறார்கள். இன்று ராத்திரியே பெரியவர்கள் நாலு பேரோடு பெண் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிடலாம் என்கிறார் என் அண்ணன். போகலாமா?
(பெயர் வேண்டாம், நாமக்கல்)

பதில்: போகாதீர்கள் ஐயா. சமாதானம் பேசத்தான் போனோம் என்று நீங்கள் சொல்வீர்கள். ‘வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் கூட்டிவந்து மிரட்டினார்கள்’ என்று மறுநாள் இன்னொரு புகார் வரும், ஜாமீன் மனு வரும்போது அதைத்தான் முதலில் எடுத்துப் படிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் இது நீங்களாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும் வகை வழக்கும் இல்லை. இரண்டு பக்கமும் சம்மதித்தாலும் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு, நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் ரத்தாகும். அதைப் பிறகு வக்கீல் மூலமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு என்ன செய்வது? எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா, இல்லை வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) விசாரணைக்குக் கூப்பிடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் எந்தெந்தப் பிரிவு என்று பாருங்கள். ஸ்டாக்கிங்குக்கு இப்போது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு, 2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்ததென்றால் பழைய ஐ.பி.சி. 354டி. மத்தியச் சட்டத்தில் உள்ளபடி முதல் தடவைக்கு மூன்று வருடம் வரை சிறை, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். இரண்டாவது தடவை தண்டனை என்றால் ஐந்து வருடம் வரை, ஜாமீன் உரிமை கிடையாது. நம் ஊரில் இதோடு, ஈவ் டீசிங்கால் இறந்த சென்னை மாணவி சரிகா ஷாவின் மரணத்துக்குப் பிறகு 1998இல் வந்த, பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிரான மாநிலச் சட்டத்தின் 4ஆவது பிரிவையும் சேர்த்துப் போடுவது உண்டு. அப்புறம், 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை இதுபோன்ற குற்றங்களுக்குத் தண்டனைகளைக் கூட்டி மசோதாக்கள் நிறைவேற்றியது. அதனால் ‘இது ஜாமீன் கேஸ்தான்’ என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பிப் போகாமல், சம்பவத் தேதியையும் எஃப்.ஐ.ஆர். பிரிவுகளையும் வக்கீலிடம் காட்டிவிட்டுப் போங்கள். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)இன்படி நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடலாம். நோட்டீஸை வாங்கிக்கொண்டு சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் போலீஸ் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். போகாமல் ஒளிந்தால் அந்தக் காரணத்தை நீங்களே கொடுத்தது மாதிரி. விசாரணையில் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், அதில் பையன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, அவன் போன். தயவுசெய்து அதை யாரும் தொடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் புகாரோடு பதினோரு ஸ்க்ரீன்ஷாட், எல்லாம் பையன் அனுப்பியவை மட்டும், மேலே தேதி தெரியாதபடி வெட்டியவை. அந்தப் பெண் லேப் ரெக்கார்டு கேட்டது, இவன் அனுப்பியது, கடைசியில் ‘இனிமேல் மெசேஜ் பண்ணாதே’ என்று அவள் சொன்னது, அதற்குப் பிறகு இவன் ஒரு வரிகூட அனுப்பாதது எல்லாம் பையன் போனில் இருந்தது. இருந்தது என்கிறேன். முதல் நாள் ராத்திரி அவன் மாமா ‘எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன்’ என்று போனை ரீசெட் செய்திருந்தார்! போனில் இருப்பது பையனுக்கு எதிராக இருந்தாலும் அழிக்கக் கூடாது, எதிர்த் தரப்பிடம் ஒரு பிரதி எப்படியும் இருக்கும், அழித்ததற்குத் தனியாக வழக்கு வரும். போலீஸ் போனை எடுத்தால் கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜரின் நகல் கேட்டு வாங்குங்கள். இரு தரப்பு ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதை அப்புறம் வக்கீல் கவனிப்பார்.

கேள்வி: அந்தப் பொண்ணு ‘வேண்டாம்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை மேடம். இன்ஸ்டாவில் ப்ளாக் செய்தாள், அவ்வளவுதான். நான் வேறு ஐடியிலிருந்து இரண்டு தடவை மெசேஜ் போட்டேன். அவள் வரும் பஸ்ஸில்தான் நானும் போகிறேன். இது ஸ்டாக்கிங்கா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, ப்ளாக் செய்ததுதான் பதில். விருப்பமில்லை என்பது தெளிவாகத் தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது, அதை வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உங்கள் வக்கீல் இரண்டு இடத்தில் வாதாடுவார்: விருப்பமின்மை எந்தத் தேதியில் தெரிந்தது, அதற்குப் பிறகு நடந்தது ‘திரும்பத் திரும்ப’ என்ற அளவுக்கு வருமா. இரண்டாவது ஐடி அந்த வாதத்தைப் பாதி கெடுத்துவிட்டது, ஒளிக்காமல் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். பஸ் பரவாயில்லை. ஒரே ரூட், ஒரே கல்லூரி நேரம் என்றால் பின்தொடர்ந்ததாக ஆகாது. நியாயமான காரணம் உள்ள நடத்தைக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அவள் சேருவதற்கு முன்னாலிருந்தே அந்த ரூட்டில் போகிறீர்கள் என்று காட்டப் பழைய பஸ் பாஸ் இருந்தால் எடுத்துவையுங்கள். அவள் அக்கவுண்டுக்குள் நுழைந்து பார்த்தது, லொகேஷன் பார்த்தது மாதிரி ஏதாவது உண்டா? அது வேறு கதை, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதற்கு ‘திரும்பத் திரும்ப’ என்ற நிபந்தனை கிடையாது. அவள் முதல் வருடம், இன்னும் 18 ஆகவில்லை என்றால் போக்சோ (சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வரும், பலர் யோசிக்காத இடம் இது.

‘ஸாரி’ சொல்லி ஒரு மெசேஜ் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள், அதுவும் ஒரு மெசேஜ்தான். தோழி மூலமாகவும் வேண்டாம்.

கேள்வி: கல்லூரி உள் விசாரணைக் குழு புகார் நகலைக் கொடுத்து 10 நாளில் பதில் கேட்கிறது. போலீஸ் கேஸ் இருக்கும்போது இதற்கும் பதில் சொல்லணுமா?
(மாணவரின் அக்கா, கோவை)

பதில்: சொல்லணும். இரண்டும் தனித்தனி வழி. யு.ஜி.சி.யின் 2015 விதிப்படி 10 நாளுக்குள் பதில், ஆவணங்கள், சாட்சிப் பட்டியல் எல்லாம் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடியணும், அறிக்கையின் நகல் இரு தரப்புக்கும் வரும், அதை எதிர்த்து 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். தம்பியின் பதிலில் தேதி, நேரம், நடந்தது மட்டும் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். இந்தப் பதில் நாளைக்கு கோர்ட் ஃபைலுக்குள் வரலாம், அதனால் வக்கீல் படித்த பிறகு கொடுங்கள். கேன்டீன், கேட் பக்கத்து சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பழையதன் மேல் புதியது பதிவாகிக்கொண்டே இருக்கும், தம்பி அங்கே இல்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சியாக இருந்தாலும் போய்விடும். நீக்கம் மட்டும்தான் தண்டனை என்றில்லை, விடுதி, ஸ்காலர்ஷிப் நிறுத்தம், கட்டாய கவுன்சலிங் என்று கீழ்ப்படிகள் உண்டு. எது பொருத்தம் என்றும் பதிலில் கேட்கலாம்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் ‘வழக்கு இல்லை’ என்று போட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: கூடாது. கேட்ட இடத்தில் மறைத்தால் அதற்காகவே வேலை போகலாம், அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்குங்கள், உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள், அது இலவசச் சட்ட உதவிக்கான எண்.