துணை நாய்: சட்டம் எங்கே நிற்கிறது? செட்டிநாட்டு வாசகர் கேள்வி பதில்

தேவகோட்டையில் வழக்காடுகிறேன். என் வீட்டிலும் ஒரு சிப்பிப்பாறை நாய் உண்டு. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

காரைக்குடியிலிருந்து: கல்லூரியில் படிக்கும் மகளுக்கு மனப்பதற்றம் அதிகம். நாய் பக்கத்தில் இருந்தால் தூங்குகிறாள். இணையத்தில் ‘மனத்துணை விலங்கு’ சான்றிதழ் விற்கிறார்களே, வாங்கலாமா அண்ணே?

வாங்காதீங்கம்மா. நம் நாட்டில் அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த அட்டையில் பொன்னிற முத்திரை, நாயின் படம், ‘எங்கும் அனுமதி உண்டு’ என்ற வாசகம் எல்லாம் இருந்தன. வேதனையில் இருப்பவரிடம் இப்படிப் பணம் பறிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றிருக்கிறது. அதற்குரிய அரசுச் சான்று கிடைத்தால், பாப்பாவுக்குத் தேவையான வசதியைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். நாய்க்கென்று தனி உரிமை அதில் கிடையாது.

அமெரிக்காவில் மகன் வீட்டில், மனத்துணை விலங்குக்கு மருத்துவர் தரும் கடிதம் செல்கிறதே?

அது வேறு நாட்டுச் சட்டம். அங்கே குடியிருப்புக்கு மருத்துவர் கடிதம் உதவும். கடை, உணவகத்துக்குள் மாற்றுத்திறனாளிக்கு உதவப் பயிற்சி பெற்ற சேவை நாய்க்குத்தான் உரிமை. 2021 முதல் மனத்துணை விலங்கை விமானத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் போய்விட்டது.

பல்லவன் ரயிலில் நாயை மடியில் வைத்துச் சென்னை போகலாமா?

முடியாது. ஏசி முதல் வகுப்பில் நால்வர் கேபினோ, இருவர் கூபேயோ முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால்தான் கூட வைத்துக்கொள்ளலாம். பல்லவனில் அந்த வகுப்பே இல்லை. மற்றபடி கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். வெயில் காலத்தில் என் நாயை அதில் ஏற்ற மாட்டேன்; காரில் போங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பிள்ளைகள் வெளிநாட்டில். பங்கு வீட்டில் நானும் என் நாயும்தான். நாயை வெளியேற்றச் சொல்லிப் பங்காளிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

கலங்காதீங்க ஆச்சி. பாகம் பிரியாத வீட்டில் பங்குள்ள எல்லோருக்கும் அனுபவ உரிமை உண்டு. நாய் வளர்க்காதே என்று ஒரு பங்காளி தன்னிஷ்டத்துக்கு ஆணையிட முடியாது. ஆனால் கடித்தாலோ, வளவை (நடு முற்றத்தை) அசுத்தம் செய்தாலோ அவர்கள் நீதிமன்றம் போகலாம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். முன்னோருக்குப் படையலிட எல்லோரும் கூடும் படைப்பு நாளில் பின்கட்டில் கட்டிவிடுங்கள். அந்த ஒரு நாளில்தான் மனத்தாங்கலே தொடங்குகிறது. பயந்துபோய் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். கடிதத்தைக் கிழிக்காமல் எடுத்து வாருங்கள், பதிலை நானே எழுதித் தருகிறேன்.