சின்சில்லாவின் சிவந்த சிறுநீர்

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் நான்கு வயது ஆண் சின்சில்லா (அடர்ந்த மென்மையான உரோமம் கொண்ட சிறு கொறிவிலங்கு) ஒன்றை வளர்க்கிறேன். மூன்று நாட்களாகக் கூண்டு விரிப்பில் செம்பழுப்புக் கறைகள் தெரிகின்றன. நேற்றிலிருந்து ஒரு மூலையில் அடிக்கடி குந்தி உட்காருகிறது; சில சொட்டுகள்தான் வருகின்றன, அப்போது கீச்சென்று கத்துகிறது. தீனியும் குறைந்துவிட்டது. என் மகனுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மருந்து மீதம் இருக்கிறது. இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், சின்சில்லாவின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக்கிருமிகள் பெருகிவிடும். நோயால் அல்ல, இந்த மருந்தால் சில நாட்களில் இறந்துபோகக்கூடும். மீதமான மருந்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இன்றே சின்சில்லாவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது சிவப்பு நிறம் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையின் வறண்ட பாறைச் சரிவுகளில் வாழ்ந்த விலங்கு இது. குறைந்த நீரைக் கொண்டு வாழப் பழகிய உடல் என்பதால் சிறுநீர் இயல்பிலேயே அடர்த்தியாக இருக்கும். மஞ்சளாக வெளிவந்து, காயும்போது துருப்பிடித்த நிறத்துக்கு மாறுவதும் உண்டு. நலமான சின்சில்லாவின் கறையைப் பார்த்து இரத்தம் என்று பதறுபவர்களும் இருக்கிறார்கள், உண்மையான இரத்தத்தைப் பார்த்து இது வழக்கமானதுதான் என்று இருந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியை விரித்து, ஈரம் காயும் முன்பே பாருங்கள். வரும்போதே சிவப்பாகவோ, இழையிழையாகவோ, கட்டியாகவோ இருந்தால் இரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐயம் தீர, மருத்துவர் சிறுநீரில் தோய்த்து இரத்தம் உண்டா என்று பார்க்கும் சோதனைப் பட்டைதான் வழி.

ஆனால் குந்துவதும், முக்குவதும், சொட்டுச் சொட்டாக வருவதும், வலியில் கத்துவதும் எந்த நிறத்தோடு வந்தாலும் நோய்தான். ஆண் என்பதால் இரண்டு காரணங்களை முதலில் நினைக்கிறேன். ஒன்று, சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க் குழாயிலோ கல். சின்சில்லாக்களில் இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; ஆண்களிடம்தான் அதிகம் காண்கிறோம். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும், ஆனால் மருந்தால் கரையாது. அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, ஆணுறுப்பைச் சுற்றி உரோமம் வளையமாக முறுக்கி இறுக்கிக்கொள்வது. இது எளிதாகத் தீரக்கூடியது, தாமதித்தால் உறுப்பையே இழக்க நேரும். மசகுக் களிம்பு தடவி மெல்லக் கழற்ற வேண்டும். பழக்கமில்லாத நீங்கள் முயல வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: அது ஆண்தான் என்பது உறுதியா? பெண் சின்சில்லாவின் சிறுநீர்த் துவாரம் கூம்புபோல நீண்டிருப்பதால் ஆண் என்று எண்ணிவிடுவது எளிது. மலத்துவாரத்துக்கும் அந்தக் கூம்புக்கும் இடையில் இடைவெளி இருந்தால் ஆண், ஒட்டியே இருந்தால் பெண். பெண்ணாக இருந்தால் அந்த இரத்தம் கருப்பையிலிருந்தும் வரலாம், மருத்துவர் தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

சொட்டும் நின்றுபோனால் அது உயிருக்கு ஆபத்து. இரவானாலும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் போகட்டும் என்று வயிற்றை அழுத்திவிடாதீர்கள், நிரம்பிய பை கிழிந்துவிடும். தீனி குறைந்ததையும் சிறிதாக எண்ணாதீர்கள். வலியால் சாப்பிடாமல் இருந்தால் ஒரே நாளில் குடல் இயக்கம் மந்தமாகிவிடும். புழுக்கைகள் சிறுத்து எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தீனியில் கால்சியம் மிகுந்த குதிரை மசால் புல் (அல்ஃபால்ஃபா) அதிகமாக இருந்தால் மெல்லக் குறைத்து, கால்சியம் குறைந்த டிமோதி புல்லுக்கு மாற்றுங்கள். அதற்காக, நீங்கள் கொடுத்த புல்தான் கல்லுக்குக் காரணம் என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். முயல் மிகுதியான கால்சியத்தைச் சிறுநீரில் கழிக்கிறது. சின்சில்லா பெரும்பகுதியை மலத்தில் கழித்துவிடுகிறது. ஆகவே தீனியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர்ப் புட்டியின் முனை அடைத்திருக்கிறதா என்று தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள். புட்டி நிறைந்திருந்தும் குடிக்க முடியாமல் தவிக்கும் நிலை எளிதில் நேர்ந்துவிடும்.

கொண்டுசெல்லும் வழியில் வெயில்தான் பெரிய பகை. 25 டிகிரியைத் தாண்டினாலே இதன் உடல் திணறத் தொடங்கும். குளிர்சாதன வண்டியில் செல்லுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டிப் பையைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், வேண்டுமானால் அது விலகிக்கொள்ளட்டும். தூக்கும்போது உரோமத்தைப் பற்றாதீர்கள், அச்சத்தில் கொத்தாக உதிர்த்துவிடும். கறை படிந்த விரிப்பையும் கடைசியாக எப்போது சிறுநீர் வந்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்; மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.