வாசகர் கேள்வி – பதில்: மாதிரித் தளத்தில் ஓடும் சரக்கு ரயில்

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் வசிக்கிறேன். அண்மையில் ஒரு மாதிரி ரயில் மன்றத்தில் சேர்ந்தேன். 1950களைக் காட்டும் அவர்களுடைய எச்.ஓ. அளவுத் தளத்தில் (உண்மையில் சுமார் 87இல் ஒரு பங்கு அளவில் பாதையும் ஊர்களும் அமைத்த மேடை), எனக்குப் பிடித்த வண்ண வண்ணப் பெட்டிகளைக் கோத்து ஒரு சரக்கு வண்டி ஓட்டினேன். மூத்த உறுப்பினர் ஒருவர் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வண்டி எங்கே போகிறது?" என்று கேட்டார். பெட்டிகளெல்லாம் நுட்பமாகச் செய்யப்பட்டவை. பிறகு எதில் குறை?

பதில்: பெட்டிகளில் குறை இருக்க வாய்ப்பில்லை, அவை ஒன்றாகச் சேர்ந்திருந்ததில்தான் குறை. ஒரு சரக்கு வண்டி மெய்யாகத் தோன்ற வேண்டுமானால், அதிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் அன்றைக்கு அந்தப் பாதையில் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். என்ஜினின் கைப்பிடிக் கம்பிகள் சரியாக இருக்கின்றனவா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சான் டியேகோவின் பல்போவா பூங்காவிலுள்ள மாதிரி ரயில் அருங்காட்சியகத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து மொஹாவே வரை செல்லும் தெஹாச்சபி மலைப்பாதையை லா மேசா மன்றத்தினர் எச்.ஓ. அளவில் அமைத்திருக்கிறார்கள். உண்மைப் பாதை சதர்ன் பசிபிக் நிறுவனம் 1876இல் போட்டது. பின்னாளில் சாண்டா ஃபே நிறுவனமும் அதே தண்டவாளத்தில் தன் வண்டிகளை ஓட்டியது. மலையேறும் பாதை ஓரிடத்தில் வட்டமடித்துத் தன்னையே மேலே கடந்து செல்கிறது. அந்த வட்டத்துக்குள் பாதை 77 அடி உயர்கிறது. சுமார் 4,000 அடி நீளமுள்ள வண்டியானால், அதன் என்ஜின் தன் வாலுக்கு மேலேயே ஓடுவதைக் காணலாம்.

அந்தப் பாதையில் 1950களில் என்ன போயிருக்கும் என்று யோசியுங்கள். பள்ளத்தாக்கில் விளைந்த உருளைக்கிழங்கும் திராட்சையும் பனிக்கட்டி நிரப்பிய குளிர்பெட்டிகளில் கிழக்கு நோக்கி ஏறும். ஒரெகானிலிருந்து வரும் மரப்பலகைகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு இறங்கும். மலைமேலுள்ள மோனோலித் ஆலையின் சிமென்ட், மேல்மூடியுள்ள ஹாப்பர்களில் (அடிவழியே சரக்கைக் கொட்டும் பெட்டிகளில்) புறப்படும். மறுதிசையில் என்ன வரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: காலிப் பெட்டிகள். திராட்சை ஏற்றிச் சென்ற குளிர்பெட்டி திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாகத்தான் திரும்பியது. ஆகவே மேற்கு நோக்கிச் செல்லும் உங்கள் வண்டியில் காலிக் குளிர்பெட்டிகள் வரிசையாகத் தொடர்ந்தால், அது சலிப்பாகத் தோன்றினாலும் அதுவே சரி. போகும்போதும் வரும்போதும் நிலக்கரி குவிந்திருக்கும் திறந்த ஹாப்பர்களைப் பல மன்றங்களில் காணலாம். அந்தச் சுரங்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை போலும்.

அடுத்தது, பெட்டிகளின் உடைமை. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் பாக்ஸ்கார் (நாற்புறமும் மூடிய சரக்குப் பெட்டி) நாடு முழுவதும் சுற்றும். அது எந்த நிறுவனத்தின் பாதையில் நிற்கிறதோ, அந்த நிறுவனம் உரிமையாளருக்கு நாள்வாடகை செலுத்தும். 1902இலிருந்து நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. சரக்கை இறக்கிய வெளியூர்ப் பெட்டியை, கூடியவரை அதன் சொந்தப் பாதையை நோக்கிச் செல்லும் சரக்கை ஏற்றியே அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அன்று மிகப் பெரிய பெட்டிப்படைகளை வைத்திருந்தவை பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் போன்ற கிழக்கத்திய நிறுவனங்கள். அதனால் கலிபோர்னியத் தளமானாலும் செம்பழுப்பு நிறப் பென்சில்வேனியா பெட்டிகள் நான்கைந்து நிற்பது இயல்பு. மாறாக, நாடெங்கும் சேர்த்துச் சில நூறு பெட்டிகளே வைத்திருந்த ஒரு குட்டி நிறுவனத்தின் பளபளக்கும் மஞ்சள் பெட்டி, ஒரே வண்டியில் மூன்று முறை வந்தால் கண்ணை உறுத்தும். உங்களுக்குப் பிடித்த பெட்டியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும், எப்போதாவது ஓட்டுங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். 1966க்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்ட பாக்ஸ்கார்களில் கூரைமேல் நடைப்பலகை இருக்காது. மொட்டைக் கூரையுள்ள பெட்டி நீராவி என்ஜினுக்குப் பின்னால் வந்தால், விவரம் தெரிந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

கேள்வி: ஈரோட்டில் சரக்கு வண்டி கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தின் பிற்பகுதியில் ஒரு முழு ரேக்கும் (பெட்டித் தொடரும்) ஒரே சரக்குடன் ஒரே இடத்துக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்க மாதிரி மன்றங்களிலோ பெட்டி பெட்டியாகப் பிரித்து ஷண்டிங் செய்கிறார்கள் என்று என் பேரன் சொல்கிறான். விளையாட்டுத் தளத்தில் எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: ஐயா, உங்களைப் போன்றவர் கேட்டதற்காகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கையாண்ட ஆவணங்களின் சிறு வடிவம் அங்கே இருக்கிறது. 1961இல் டக் ஸ்மித் என்ற ஆர்வலர் விளக்கிய முறையே பெரும்பாலான மன்றங்களில் இன்றும் ஏதோ ஒரு வடிவில் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் எண்ணும் வகையும் எழுதிய ஓர் அட்டை உண்டு. அட்டையின் அடிப்பகுதி பை போல மடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பைக்குள் ஒரு சிறு வேபில் சீட்டை, அதாவது சரக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சீட்டை, செருகுவார்கள். சீட்டின் இரு பக்கங்களிலும், தலைகீழாகவும் நேராகவும், நான்கு பயணங்கள் எழுதப்பட்டிருக்கும். முதலாவது, காலிப் பெட்டி சிமென்ட் ஆலைக்கு. இரண்டாவது, சிமென்ட் ஏற்றி நகரத்துக்கு. மூன்றாவது, காலியாக யார்டுக்கு (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் இடத்துக்கு). நான்காவது வேறொரு வேலை. ஒவ்வொரு அமர்வும் முடிந்த பிறகு, போய்ச் சேர்ந்த பெட்டிகளின் சீட்டுகளை ஒருவர் திருப்பிச் செருகிவிடுவார். அடுத்த அமர்வில் அதே பெட்டிக்கு வேறு வேலை வந்துவிடும். இப்போது பல மன்றங்களில் கணினியே ஷண்டிங் பட்டியலை அச்சிட்டுத் தருகிறது; அட்டைகளைக் கையில் வைத்துக் கலைத்து அடுக்குவதில் உள்ள சுவை அதில் இல்லை என்பது என் கருத்து.

வண்டியை இருவர் சேர்ந்து ஓட்டுவார்கள். ஒருவர் கட்டுப்பாட்டுக் கருவியுடன் ஓட்டுநர். மற்றவர் அட்டைக் கட்டுடன் கண்டக்டர், அதாவது உங்கள் வேலையைச் செய்பவர். ஊருக்கு முன்னால் நின்று, தளத்தின் ஓரப்பலகையில் மாட்டியிருக்கும் சிறு பெட்டியிலுள்ள அட்டைகளை எடுத்து, எவற்றைக் கழற்றிவிட வேண்டும், எவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டக்டர் பார்ப்பார். சைடிங்கின் (கிளைப்பாதையின்) பாயின்ட், அதாவது தடம் பிரியும் இடம், வண்டி வரும் திசைக்கு எதிர்முகமாக இருந்தால், உள்ளபடியே நீங்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்ய வேண்டும்: லூப் லைனில் (இரு முனையும் பிரதான பாதையில் சேரும் பக்கப்பாதையில்) என்ஜினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்திலிருந்து பெட்டியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பெட்டியை முதலில் எடுத்தால் நகர்வுகள் குறையும் என்று யோசிப்பதில்தான் அந்த மாலை முழுவதும் கழிகிறது.

நுட்பமான மன்றங்கள் வண்டியின் வரிசையிலும் விதி வைத்திருக்கின்றன. கால்நடைப் பெட்டிகளைப் பெரும்பாலும் முன்பக்கத்தில் கோப்பார்கள். பின்னால் இருந்தால் இழுப்பின் உலுக்கல் அதிகம். தவிர, 28 மணி நேரத்துக்கு மேல் விலங்குகளை இறக்கித் தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் வைத்திருக்கக்கூடாது என்று 1906ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதால், விரைவாகக் கழற்றவும் அந்த இடம் வசதி. அபாய முத்திரை பதித்த டாங்கர்களை என்ஜினுக்கு அருகில் கோக்கக்கூடாது. வேபிலில் அதற்கென ஒரு வரி எழுதிவிட்டால், யார்டில் நிற்பவருக்கு வேலை இரட்டிப்பாகும். உங்களுக்கு அந்தத் தொல்லை புதிதல்ல.

தளத்துக்கு வெளியே உள்ள உலகம் என்னவாகிறது என்றும் நீங்கள் கேட்கக்கூடும். சுவருக்குப் பின்னாலோ தளத்துக்கு அடியிலோ மறைவு யார்டு ஒன்று இருக்கும். சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று சீட்டில் எழுதியிருக்கும் ஊர்களெல்லாம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆலன் மெக்லெலண்டின் வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ தளம் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது: தன் அறைக்குள் ஓடும் பாதை ஒரு பெரிய வலையின் ஒரு துண்டு மட்டுமே என்று அவர் கொண்டார். அப்படிக் கொண்டால்தான் மேலே சொன்ன காரணம் என்பது ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைக்கிறது.

கேள்வி: கோவையில் பொறியியல் படிக்கிறேன். காணொளிகளில் மாதிரி சரக்கு ரயில்கள் பறக்கின்றன. சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு, கருவி எதுவும் வேண்டாம். 40 அடி பாக்ஸ்கார் கப்ளரோடு (பெட்டிகளை இணைக்கும் கொக்கியோடு) சேர்த்துச் சுமார் 44 அடி நீளம். மணிக்கு 30 மைல் என்பது நொடிக்குச் சரியாக 44 அடி. ஆக, ஒரு கம்பத்தைப் பார்த்தபடி நின்று, நொடிக்கு ஒரு பெட்டி வீதம் கடந்தால் மணிக்கு 30 மைல் என்று கொள்ளலாம். எச்.ஓ. அளவில் அது நொடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான். மலையேற்றத்தில் இதில் பாதிகூட அதிகம். ஷண்டிங்கின்போது மனிதன் நடக்கும் வேகம் போதும்.

வேகக் கடிகாரம் பற்றியும் ஒரு சொல். இந்த அளவில் ஒரு மைல் வெறும் பதினெட்டரை மீட்டராகிவிடுவதால், ஊர்கள் நெருங்கிவிடுகின்றன. அந்தக் குறையை மறைக்க, நான்கு மடங்கோ ஆறு மடங்கோ விரைந்து ஓடும் கடிகாரத்தை மன்றங்கள் வைக்கின்றன. ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். யார்டில் கப்ளரைக் கழற்றுபவரின் கை அவ்வாறு விரைந்து ஓடாது. ஆகவே மடங்கை உயர்த்துவதற்கு முன் யார்டில் நிற்பவரைக் கேட்பது நல்லது.

கேள்வி: டொராண்டோவில் எங்கள் மன்றத்தில் நாற்பது பெட்டி வண்டியை ஏற்றத்தில் இழுத்தால், ஒரே வளைவில் நடுவிலுள்ள ஏதாவது ஒரு பெட்டி உட்பக்கமாகச் சரிந்து விழுகிறது. தண்டவாளத்தை மாற்றிவிடலாமா?

பதில்: தண்டவாளத்தில் கை வைப்பதற்கு முன் பெட்டிகளை நிறுத்துப் பாருங்கள். வளைவில் முன்னாலிருந்து என்ஜின் இழுக்க, பின்னாலிருந்து பாரம் எதிர்க்க, நடுவில் இருக்கும் எடை குறைந்த பெட்டியை இரண்டும் சேர்ந்து நேர்கோட்டுக்கு இழுக்கின்றன. இழுத்த கயிறு வளைவின் உட்பக்கம் சாய்வதுபோல அந்தப் பெட்டி சாய்கிறது. உண்மை ரயில்களிலும் இதே விபத்து நடக்கிறது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. பெட்டிக்கு ஓர் எடையைப் பரிந்துரைக்கிறது: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், பிறகு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். ஐந்தரை அங்குலம் நீளமுள்ள 40 அடி பாக்ஸ்காருக்கு இது மூன்றே முக்கால் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 106 கிராம். கடையில் வாங்கும் தட்டைப் பெட்டிகள் பல இதில் பாதியும் இருப்பதில்லை. அவற்றின் அடியில் ஈயத் தகடு ஒட்டுங்கள். முடியாவிட்டால் வண்டியின் கடைசிப் பகுதியில் மட்டும் கோத்துவிடுங்கள்.

எடை சரியாக இருந்தும் விழுந்தால், சக்கர இடைவெளியையும் கப்ளரின் உயரத்தையும் சங்கத்தின் அளவுத் தகடு கொண்டு சோதியுங்கள். வளைவுதான் குற்றவாளி என்பது கடைசியாக வர வேண்டிய முடிவு. துணை என்ஜினை வண்டியின் நடுவில் கோத்தாலும் இழுவிசை பாதியாகப் பிரியும். தெஹாச்சபியில் அப்படித்தான் ஏற்றினார்கள். ஆனால் இரண்டு என்ஜின்களின் வேகமும் ஒத்துப்போகும்படி முன்கூட்டியே அமைக்காவிட்டால், பின்னது முன்னதைத் தள்ளி, இந்த முறை பெட்டி வளைவின் வெளிப்பக்கம் விழும்.

கேள்வி: வண்டியின் கடைசியில் கபூஸ் எனப்படும் கார்டு பெட்டி கட்டாயமா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: ஆண்டைப் பொறுத்தது. 1980களில் கடைசிப் பெட்டியின் கப்ளரில் மாட்டும் மின்னணுக் கருவி பரவிய பிறகு கபூஸ் மறைந்தது. அதற்குப் பிந்தைய காலத்தைக் காட்டும் தளத்தில், கடைசிப் பெட்டியில் சிவப்பாக மின்னும் சிறு விளக்கு போதும். 1953ஐக் காட்டும் தளத்தில் கபூஸ் இல்லாத வண்டியை யார்டு மாஸ்டர் பிரதான பாதைக்கு விடமாட்டார், விடவும் கூடாது.