சேலம் சபையின் பழைய ஏடுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்தைப் பற்றித்தான் இந்தப் பதில்கள், நம்ம ஊர் சேலம் இல்லை. ஏடு என்று சொல்வது அங்கிருந்த கிறிஸ்தவ சபை தன் உறுப்பினர், ஞானஸ்நானம், தீர்மானங்களை எழுதிவைத்த பதிவுப் புத்தகம். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து போனவர்கள் ஏன் அந்நாட்டுச் சபை முறையை விட்டார்கள்?

பிஷப் என்று மேலே ஒருவர் இருந்து ஆளுவது வேதத்தில் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. 1629 ஆகஸ்ட் 6 அன்று சுமார் 30 பேர் ஓர் உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டு தாங்களே சபையாகச் சேர்ந்தார்கள். சாமுவேல் ஸ்கெல்டனைப் போதகராகவும் பிரான்சிஸ் ஹிகின்சனை உபதேசிப்பவராகவும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது முந்தின மாதமே நடந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே அதிகாரம் என்பதால் ஏட்டுக்கு நகல் எடுத்து அனுப்ப மேலிடம் எதுவும் கிடையாது, போதகர் வீட்டுப் பெட்டியில் இருந்ததுதான் ஏடு. அந்த வீட்டில் தீப்பிடித்தால் அதோடு போச்சு.

கேள்வி: 1650களில் நடந்த ஒரு திருமணத்தைத் தேடுகிறேன். சபை ஏட்டில் இல்லையே?

இருக்காது. திருமணம் அவர்களுக்குச் சடங்கு இல்லை, ஒப்பந்தம். நடத்தி வைத்தவர் நீதிபதி, போதகர் அல்ல. ஊர்ப் பதிவையும் மாவட்ட நீதிமன்றப் பதிவையும் பாருங்கள். அப்புறம் ஞானஸ்நானம்: முதலில் முழு உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான், 1662இல் கூடிய மாநாடுதான் அதைத் தளர்த்தியது. அதனால் ஒரே நாளில் நாலு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்று பார்த்தால் அவர்களின் தாயோ தகப்பனோ அப்போதுதான் சபையில் சேர்ந்திருப்பார் என்று முதலில் யோசியுங்கள். அந்தத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: "12ஆம் மாதம், 1692/3" என்றால்?

நம் கணக்கில் 1693 பிப்ரவரி. 1752 வரை அவர்களுக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல், அதனால் மார்ச்தான் முதல் மாதம், பிப்ரவரி அவர்களுக்கு இன்னும் 1692, நமக்கு 1693. மாதப் பெயர்களில் பழைய ரோமத் தெய்வங்கள் இருந்ததால் பியூரிட்டன்கள் (இந்தச் சபையை அமைத்த கண்டிப்பான கிறிஸ்தவர்கள்) எண்ணையே எழுதினார்கள்.

கேள்வி: 1692இல் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளில் தண்டிக்கப்பட்ட ரெபெக்கா நர்ஸைச் சபையிலிருந்து நீக்கியது உண்மையா?

உண்மை. 1692 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. திருவிருந்து முடிந்ததும் மூப்பர்கள் விஷயத்தைச் சபை முன் வைக்கிறார்கள், "நம் சகோதரி நர்ஸ்" சூனியக்காரி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, நீக்கலாமா என்று. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பிற்பகலில், எழுபது வயதைக் கடந்த அந்த அம்மாவைச் சபையிலேயே வைத்து நீக்கினார்கள், அவர் அங்கே இருந்தார் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூலை 19 அன்று தூக்கு. அதே ஏட்டில் இருபது வருஷம் தள்ளிப் போனால், 1712இல், அவருடைய மகன் கேட்டுக்கொண்டபடி அந்த நீக்கத்தை ரத்து செய்த தீர்மானம் இருக்கிறது, அவர் பெயருக்கு இனி இழுக்கு இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு வருத்தம் இருக்கக் கூடாது என்று. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடும்.

இதில் பலர் தவறான ஏட்டைத் திறக்கிறார்கள். ரெபெக்கா குடியிருந்தது சேலம் கிராமத்தில், உறுப்பினராக இருந்தது சேலம் நகரத்தில், 1629இல் அமைந்த அந்தச் சபையில். கிராமத்துச் சபை 1689இல்தான் தனியாக அமைந்தது, சாமுவேல் பாரிஸ் அதன் போதகர். ரெபெக்கா மீது குற்றம் சாட்டியவர்களில் ஒருவரான ஆன் புட்னம் 1706இல் சபை முன் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பு வாசிக்கப்பட்டது. அது இருப்பது கிராமத்து ஏட்டில்.

கேள்வி: யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்தச் சேலம் கிராமம்தான் பிறகு டான்வர்ஸ் ஆனது. 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கிய டானியல் பூவர் 1789இல் பிறந்தது அதே டான்வர்ஸில். அந்த மிஷனை அனுப்பிய சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

கேள்வி: அமெரிக்கா போகாமல் இந்த மாதிரி ஏடுகளைப் பார்க்க முடியுமா?

முடியும். காங்கிரிகேஷனல் என்பது இப்படித் தனக்குத் தானே அதிகாரமாக இருக்கும் சபைகளின் மரபு. பாஸ்டனில் 1853இல் தொடங்கிய காங்கிரிகேஷனல் நூலகம் நியூ இங்கிலாந்துச் சபைகள் பலவற்றின் ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. தேடும்போது சபை ஏடு வேறு, பாரிஷ் (சபையின் பணம், கட்டடத்தைக் கவனித்த ஊர் அமைப்பு) ஏடு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர், ஞானஸ்நானம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் சபை ஏட்டில். போதகர் சம்பளம், கட்டடச் செலவு, யாருக்கு எந்த இருக்கை என்பதெல்லாம் பாரிஷ் ஏட்டில்.