மீன்தொட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினோம் சார். அன்றைக்கே ஆறு நியான் டெட்ரா, இரண்டு ஏஞ்சல், இரண்டு கோல்ட்ஃபிஷ், பாசி தின்னும் சக்கர் ஒன்று எல்லாம் வாங்கி விட்டோம். போர் தண்ணீர்தான். பத்து நாளில் பாதிக்கு மேல் செத்துப்போய்விட்டது. கடையில் ஒரு நீல மருந்து கொடுத்தார்கள், அதை ஊற்றியும் நிற்கவில்லை. வேறு நல்ல மருந்து இருக்கிறதா?

மருந்தே வேண்டாம். உங்கள் மீனுக்கு நோய் வந்த மாதிரி தெரியவில்லை, அது தன் கழிவிலேயே மாட்டிக்கொண்டு செத்திருக்கிறது. மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் மிச்சமாகிக் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். பழைய தொட்டி என்றால் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இந்த ரெண்டுமே கிடையாது. அவை வந்து குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் முதல் நாளே பதினோரு மீனை விட்டுவிட்டீர்கள், அதிலும் ரெண்டு கோல்ட்ஃபிஷ், தின்பதும் கழிப்பதும் தவிர வேறு வேலை தெரியாத மீன். போதாக்குறைக்கு போர் தண்ணீரில் பெரும்பாலும் பிஹெச், அதாவது காரத்தன்மையின் அளவு, அதிகமாக இருக்கும், பிஹெச் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவின் விஷம் கூடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்குமே, செவுள் சிவந்திருக்குமே, அதுதான் அடையாளம். அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருந்தால் வரவேண்டிய பாக்டீரியாவையும் அது சேர்த்தே அடித்திருக்கும்.

இப்போதைக்கு தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பழகினவர் யார் வீட்டிலாவது நோயில்லாமல் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதைப் பிழிந்தால் டீத்தூள் கலரில் ஒரு சகதி வரும், பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுதான். கையில் ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் சொருகிவிடுங்கள். அப்புறம், எந்தக் காலத்திலும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெளுக்க வெளுக்கக் கழுவாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரிலேயே ரெண்டு பிழி பிழிந்தால் போதும்.

அடுத்தது மீன் தேர்வு. நீங்கள் வாங்கிய நாலு வகையும் ஒன்றோடொன்று சேராது. நியான் அமேசான் பக்கத்து மீன், உப்பில்லாத மென்மையான தண்ணீர் கேட்கும். ஏஞ்சல் சின்னதாக இருக்கும்வரை சாது, வளர்ந்தால் நியானைப் பொரி மாதிரி தின்னும், தவிர அதற்கு ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். கோல்ட்ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீரும் பெரிய தொட்டியும் வேண்டும். சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். போர் தண்ணீர் வீட்டில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள், ஐந்நூறு அறுநூறு காட்டினால் ஆர்.ஓ. தண்ணீருக்கு அலையாமல் கப்பி, பிளாட்டி, மோலி என்று போய்விடுங்கள். அவற்றுக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். உங்கள் தொட்டி முழுக்க நிரம்பினால் 56 லிட்டர், கல்லும் மேல் இடைவெளியும் போக 45 என்று வையுங்கள். ஆண் கப்பி ஆறு, பிளாட்டி நாலு, இவ்வளவு போதும். அதையும் மூன்று மூன்றாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள். கப்பியில் ஆண் மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: பெண்ணும் இருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை குட்டி போடும், மூன்று மாதத்தில் தெருவில் எல்லாருக்கும் கொடுத்தாலும் தீராது.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: தொட்டியை அழகுபடுத்த ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்கு, சிப்பி, வெள்ளை மார்பிள் கல் எல்லாம் போடலாமா? குழந்தைகள் பிளாஸ்டிக் கோட்டையும் கலர் கல்லும் கேட்கிறார்கள்.

சங்கும் சிப்பியும் மார்பிளும் கால்சியம் கார்பனேட், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடினத்தன்மையையும் பிஹெச்சையும் ஏற்றும். மோலி, கப்பி மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் பெரிய பாதகமில்லை, டெட்ரா என்றால் தொடவே தொடாதீர்கள். எந்தக் கல்லாக இருந்தாலும் காயவைத்து அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரை கட்டினால் அந்தக் கல் டெட்ரா தொட்டிக்கு ஆகாது.

கலர் கல்லைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குப் பிடிக்காது. பச்சை, ரோஸ் கல்மேல் நின்றால் பல மீன் நிறம் மங்கித் தெரியும். கறுப்பு அல்லது பழுப்புப் பொடிக்கல்லை ரெண்டு அங்குலத்துக்குப் பரப்பி, பின்கண்ணாடிக்கு வெளியே ஒரு கறுப்பு சார்ட் ஒட்டிப் பாருங்கள், அதே மீன் வேறு மீனாகத் தெரியும். கல் பரப்பும்போது பின்னால் உயரமாகவும் முன்னால் தாழ்வாகவும் சரித்து விடுங்கள், தொட்டிக்கு ஆழம் வரும். ட்ரிஃப்ட்வுட் எனும் அலங்கார மரக்கட்டை ஒன்று வாங்கினால் நடு மையத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். போடுவதற்கு முன்னால் அதைக் கொதிக்கவைத்து ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் மிதக்கும், தண்ணீரும் டிகாஷன் நிறமாகும். அந்த நிறத்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை, நமக்குத்தான் கண்ணை உறுத்தும்.

செடியில் ஜாவா ஃபெர்ன், அனுபியஸ் ரெண்டும் சாகடிப்பதே கஷ்டம். ஆனால் நிறைய பேர் அதன் தடித்த தண்டைக் கல்லுக்குள் புதைத்து அழுகவிடுகிறார்கள். தையல் நூலால் கட்டையின் மேல் கட்டுங்கள், வேர் தானே பிடித்துக்கொள்ளும். பின்வரிசைக்கு நீள நீளமாக ரிப்பன்போல வளரும் வாலிஸ்னேரியா போதும். கோட்டை வைக்கட்டும், குழந்தைகள் ஆசை. ஓட்டைகளின் விளிம்பு மட்டும் கூராக இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்து வையுங்கள், கப்பி வால் கிழியும்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர். இரண்டரை அடித் தொட்டியில் மிஸ் கேரளா விடலாமா?

மென்மையான தண்ணீர், கொடுத்துவைத்தவர் நீங்கள், ஆனாலும் மிஸ் கேரளா வேண்டாம். அது மேற்குத்தொடர்ச்சி மலையின் வேகமான ஆறுகளில் கூட்டமாக ஓடும் மீன், அரை அடி வளரும், நாலடித் தொட்டிக்குக் கீழே நினைக்காதீர்கள். காட்டிலிருந்து அளவில்லாமல் பிடித்தே அழியும் நிலையில் உள்ள இனமாகிவிட்டது. உங்கள் தண்ணீருக்கு நான் செர்ரி பார்ப் சொல்வேன். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து நிழல் ஓடைகளைச் சேர்ந்தது, ரெண்டு அங்குலம்தான், சண்டை தெரியாது. எட்டு செர்ரி பார்ப் விடுங்கள், தொட்டி ரெண்டு மாதம் ஓடினபிறகு எட்டு நியான் சேருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் விடாமல் ஊற்றாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் சக்கர் முக்கால் அடி வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அது தென் அமெரிக்க மீன், இங்கே அதற்குப் பெரிதாக எதிரி இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, கரையைக் குடைந்து, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பாசி தின்னத்தான் வாங்கினேன் என்பீர்கள். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளிவைத்து லைட்டை எட்டு மணி நேரத்துக்குமேல் எரியவிடாமல் இருந்தாலே பாசி பாதி குறையும்.

வேலூரிலிருந்து ஒரு வாசகி: உடம்பில் ரோஸ், பச்சைக் கோடு போட்ட கண்ணாடி மீன் பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். ஊசியால் சாயம் ஏற்றியது அது. சில மாதத்தில் சாயம் போய்விடும், பல மீன் அதற்குள்ளேயே போய்விடும். சாயமில்லாத கண்ணாடி மீன் நம் ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது, எலும்பு எண்ணலாம் போல அவ்வளவு அழகு.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: மே மாதம் தண்ணீர் 33 டிகிரி ஆகிறது, கரண்ட்டும் போகிறது. என்ன செய்ய?

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும், அதனால் முதலில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். மூடியைத் திறந்துவிட்டு மேலே வலை போட்டு, ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பினால் ரெண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், குறைகிறதை ஈடுகட்டிக்கொண்டே இருங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள், திடீரென்று இறங்கினால் வெள்ளைப்புள்ளி நோய் வர வாய்ப்பு உண்டு. நாலைந்து மணி நேரம் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடின கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே போடாமல், உள்ளே தேங்கிக் கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.