நாக்-அவுட் ஆன தம்பி அடுத்த மாதமே ரிங்கில் ஏறலாமா?

வணக்கம். குத்துச்சண்டைப் போட்டியில் இரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆன உங்கள் தம்பி, அதே ஆளோடு அடுத்த மாதமே மோதத் துடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். தலையில் வாங்கிய அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் நரம்பியல் மருத்துவர்.

மீண்டு வர முடியுமா என்றால், நிச்சயம் முடியும். உக்ரைனின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் விளாடிமிர் கிளிட்ச்கோ 2003-ல் கோரி சாண்டர்ஸிடம் இரண்டே ரவுண்டில் விழுந்தார். 2004-ல் லமான் பிரூஸ்டரிடம் ஐந்தாவது ரவுண்டில். இனி தேறமாட்டார் என்றே பலரும் பேசினார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் கைவிடவில்லை. நீண்ட இடது கை ஜாப் (கையை நேராக நீட்டி விடும் குத்து), தூரம் காப்பது, நெருங்கி வந்தால் கட்டிப்பிடித்துவிடுவது, மூச்சை மிச்சம் பிடிப்பது என்று ஆட்டமே மாறியது. பிரூஸ்டரைத் திருப்பி வென்றது 2007-ல்தான், மூன்று வருடம் கழித்து!

தம்பி விழுந்த வீடியோ இருந்தால் பயிற்சியாளரோடு பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு (முகத்தைக் காக்க உயர்த்திய கைகள்) இறங்கியதா, மூச்சு வாங்கியதா? பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும்.