முல்லாக் யார்? லண்டனில் அவர் தடம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: 2020 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் சதம் அடித்த ரஹானேவுக்கு 'முல்லாக் பதக்கம்' அணிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முல்லாக் என்பவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆட்டக்காரர் என்று வர்ணனையில் சொன்னார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகனை அவனுடைய நிறுவனம் லண்டனுக்கு அனுப்பியிருக்கிறது. நானும் என் துணைவியாரும் ஒரு மாதம் அவனோடு தங்கப்போகிறோம். அந்த மனிதர் ஆடிய இடங்களைப் பார்க்க முடியுமா?

முடியும் ஐயா. அவருடைய கதையோடு தொடர்புடைய மூன்று இடங்கள் லண்டனுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் கதை தெரியாமல் போனால் ஒன்று மைதானமாகவும் மற்றொன்று பூங்காவாகவும் மட்டுமே கண்ணில் படும் என்பதால், முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடு சென்று ஆடிய முதல் ஆஸ்திரேலிய விளையாட்டு அணி வெள்ளையர் அணி அன்று. விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஆட்டுப் பண்ணைகளில் மந்தை ஓட்டியும் மயிர் கத்தரித்தும் வாழ்ந்த, முல்லாக் உள்ளிட்ட பதின்மூன்று பூர்வகுடி இளைஞர்களைக் கொண்ட அணியே 1868இல் முதன்முதலாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. வெள்ளையர் அடங்கிய ஆஸ்திரேலிய அணி அங்கே போனது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1878இல்தான். நம் நாட்டிலிருந்து பார்சி அணி போனது 1886இல். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தப் பதின்மூன்று பேர் எவ்வளவு முன்னால் நடந்தவர்கள் என்பது விளங்கும்.

அவர்கள் புறப்பட்டதே ஒளிவுமறைவாகத்தான். முந்தைய ஆண்டு அந்த அணியைச் சிட்னி வரை அழைத்துச் சென்ற முயற்சி பணமின்றி முறிந்து, ஆட்டக்காரர்கள் சிலர் நோயுற்று இறந்துபோனதால், பூர்வகுடிகளின் 'பாதுகாப்பு'க்கென்று அமைக்கப்பட்ட அரசு வாரியம் இங்கிலாந்துப் பயணத்தை எதிர்த்தது. எனவே மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லி அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துவந்து, அங்கிருந்து கப்பலில் சிட்னிக்குக் கடத்திச் சென்று, பிப்ரவரி 8 அன்று 'பரமட்டா' என்ற கப்பலில் ஏற்றினார்கள். மே 13 அன்று தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிரேவ்செண்டில் இறங்கினார்கள். மூன்று மாதக் கடற்பயணம் முடிந்து பன்னிரண்டாம் நாளே முதல் ஆட்டம்.

அந்த முதல் ஆட்டம் நடந்த இடம் ஓவல் மைதானம். உங்கள் மகன் வீட்டிலிருந்து சுரங்க ரயிலில் ஏறி, அதே பெயருடைய நிலையத்தில் இறங்கினால் எதிரே தெரியும். 1868 மே 25 அன்று சர்ரே ஜென்டில்மென் அணிக்கு எதிராக ஆடினார்கள், தோற்றார்கள். அக்டோபரில் கடைசி ஆட்டத்தையும் அங்கேயே ஆடினார்கள். இடைப்பட்ட காலத்தில் பிராட்ஃபோர்ட், ஹாலிஃபாக்ஸ், நாட்டிங்காம், ஷெஃபீல்டு என்று ஊர் ஊராகச் சுற்றி 47 ஆட்டங்கள் ஆடி, 14இல் வென்று, 14இல் தோற்று, 19இல் சமன் செய்தார்கள். அவற்றுள் 45 ஆட்டங்களில் ஆடிய ஜானி முல்லாக் மட்டும் 1,698 ஓட்டங்களும் 245 விக்கெட்டுகளும் எடுத்தார். தேவைப்பட்டபோது விக்கெட் கீப்பராகவும் நின்றார்.

இரண்டாவது இடம் லார்ட்ஸ் மைதானம். ஜூன் 12, 13 தேதிகளில் பிரபுக்களும் படை அதிகாரிகளும் அடங்கிய மெரிலிபோன் கிரிக்கெட் கிளப் (எம்.சி.சி.) அணியை எதிர்த்து முதல் இன்னிங்சில் பூர்வகுடி அணி 185 ஓட்டங்கள் எடுத்து முன்னிலை பெற்றது. அதில் முல்லாக் 75. இரண்டாவது இன்னிங்சில் 45க்குள் சுருண்டு, 55 ஓட்டங்களில் தோற்றது. முல்லாக் அந்த ஆட்டத்தில் எட்டு விக்கெட்டுகளும் எடுத்தார். மைதானத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குச் சீட்டு எடுத்தால் அங்குள்ள அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அந்த அணியின் டிக்-எ-டிக் என்பவர் கையாண்ட கைத்தடி அதன் சேகரிப்பில் இருக்கிறது. அவரைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மூன்றாவது இடத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்; நீங்கள் விட வேண்டாம். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் மீத் கார்டன்ஸ் என்ற சிறு பூங்கா இருக்கிறது. அது முன்பு இடுகாடு. லார்ட்ஸ் ஆட்டம் முடிந்து பதினொரு நாளில், ஜூன் 24 அன்று, அணியில் 'கிங் கோல்' என்று அழைக்கப்பட்ட இளைஞர் நுரையீரல் நோயால் கைஸ் மருத்துவமனையில் இறந்தார். அவரை இங்கேதான் கல்லும் பெயரும் இல்லாமல் புதைத்தார்கள். 1894இல் இடுகாடு பூங்காவானது. 1988இல் இங்கிலாந்து வந்த பூர்வகுடிக் கிரிக்கெட் அணியின் வருகையையொட்டி, அவர் நினைவாக அங்கே ஒரு யூகலிப்டஸ் மரம் நடப்பட்டது. அருகே ஒரு சிறு பலகையும் உண்டு.

மாடு கவர வந்தவர்களோடு நடந்த தொறுப் பூசலில் மாடுகளை மீட்டு மாண்ட ஒருவனுக்கு, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எவனுடைய சேவகன், பெயர் என்ன என்று வட்டெழுத்தில் வெட்டி நடுகல் நாட்டிய மண் நம்முடையது. தருமபுரி அருங்காட்சியகத்திலும் அரூர்ப் பக்கத்து வயல்களிலும் அவற்றைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு, அந்த மரத்தடியில் நிற்கும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சொந்தப் பெயர் பிரிபும்யாரிமின். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: அந்த அணியினர் ஆட்டம் முடிந்ததும் பூமராங் வீசிக் காட்டினார்கள் என்று படித்தேன். பூமராங் நம் வளரிதானே? அப்படியானால் அவர்களும் நாமும் ஒரே வழி வந்தவர்கள் என்று சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம் தம்பி. வளரியும் பூமராங்கும் வளைந்த எறிதடிகள் என்பது உண்மை. சிவகங்கைச் சீமையில் போருக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட வளரி, எறிந்தவன் கைக்குத் திரும்பாமல் இலக்கைத் தாக்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்கான பூமராங்குகள் பல திரும்பிவராதவையே. எறிந்தால் பறந்து செல்லும் தடியை உலகின் வெவ்வேறு மூலைகளில் மனிதர்கள் தனித்தனியே கண்டடைந்திருக்கிறார்கள். ஆகவே தடியின் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடுவது, மூக்கு ஒன்றுபோல் இருக்கிறது என்று பங்காளி உரிமை கேட்பதைப் போன்றது.

ஆனால் அந்தக் காட்சிகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று உண்டு. கிரிக்கெட் முடிந்தபின் ஈட்டி எறிதல், பூமராங் வீசுதல், பின்னோக்கி ஓடுதல் என்று அவர்கள் செய்து காட்டியவற்றுள் கூட்டத்தை மிகவும் ஈர்த்தவை டிக்-எ-டிக்கின் வித்தைகள். அவர் ஒரு கையில் ஒடுங்கிய கேடயத்தையும், மறு கையில் 'லியாங்கிள்' எனப்படும் வளைந்த தலையுடைய தடியையும் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்வையாளர்கள் சற்றுத் தொலைவிலிருந்து கிரிக்கெட் பந்துகளை அவர்மேல் எறிவார்கள். மேலே வருவதைக் கேடயத்தாலும், காலுக்கு வருவதைத் தடியாலும் அவர் தட்டிவிடுவார். நம் ஊர்த் திருவிழாவில் சிலம்பக்காரர் கல்லெறிக்கு நடுவே கம்பு சுழற்றுவதை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். லார்ட்ஸ் சேகரிப்பில் உள்ளது அந்த லியாங்கிள்தான். ஜுங்குன்ஜினானுகே என்பது அவருடைய இயற்பெயர். 1864இல் விக்டோரியாவின் புதர்க்காட்டில் வழிதவறி ஒன்பது நாள் அலைந்த மூன்று வெள்ளைக் குழந்தைகளைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஊத்தங்கரை வாசகி ஒருவர்: ஆட்டக்காரர்களின் பெயர்கள் விசித்திரமாக இருக்கின்றனவே! 'டூபென்னி', 'மொஸ்கிட்டோ', 'சன்டவுன்' என்றெல்லாமா பெயர் வைப்பார்கள்? முல்லாக் என்பது அயர்லாந்துப் பெயர் என்கிறார்களே, அந்த அணி அயர்லாந்துக்கும் போனதா?

இரண்டு காசு, கொசு, பொழுதுசாய்தல்! பெற்றோர் வைத்த பெயர்களாக இருந்தால் அவற்றில் ஒரு வாஞ்சை இருக்கும். இவை பண்ணை முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் தங்கள் நாக்குக்கு வசதியாக ஒட்டிய பெயர்கள். பண்ணைக் கணக்கிலிருந்து அவை அப்படியே ஸ்கோர் அட்டைக்குப் போய்விட்டன. பார்வையாளர்கள் ஆளை அடையாளம் காண்பதற்காக ஒவ்வொருவருக்கும் உடையில் ஒவ்வொரு நிறத்தைக் கொடுத்து, அட்டையில் பெயருக்கு எதிரே அந்த நிறத்தையும் அச்சிட்டார்கள். ஆக, ஊரார் கண்ணில் ஒருவர் ஒரு நிறமாகவும் ஒரு பட்டப்பெயராகவும் இருந்தார். உனாரிமின் என்ற மனிதர் ஜானி முல்லாக் ஆனதும் இப்படித்தான். விக்டோரியாவில் ஹேரோ என்ற ஊருக்கு அருகே அவர் வளர்ந்த பண்ணையின் பெயர் முல்லாக்.

அந்தச் சொல் அயர்லாந்துச் சொல் என்பது சரியே. ஐரிஷ் மொழியில் அதற்குக் குன்றின் உச்சி என்று பொருள். கேவன் மாவட்டத்தில் அப்பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. 'கிரி'யைப் பெயரிலேயே வைத்திருக்கும் மாவட்டத்துக்காரர் நீங்கள். குன்று ஊர்ப்பெயராவதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் குடியேறியவர்களோடு கடல்தாண்டிப் போன அந்தப் பெயர், ஒரு பண்ணையில் ஒட்டி, பிறகு அங்கே பிறந்த மண்ணின் மைந்தர்மேல் ஒட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த அணி அயர்லாந்துக்குப் போகவில்லை. எனினும் அயர்லாந்துத் தொடர்பு வேறொருவர் வழியாக உண்டு. அணியின் தலைவராகவும் பயிற்சியாளராகவும் வந்த சார்லஸ் லாரன்ஸ் என்ற வெள்ளையர், ஆஸ்திரேலியாவில் குடியேறுவதற்கு முன் 1850களில் டப்ளினில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து, அகில அயர்லாந்து அணி ஒன்றைத் திரட்டி ஊர் ஊராக ஆடவைத்தவர். சுற்றுப்பயணம் நடத்தும் கலையை அவர் அங்கே கற்றுக்கொண்டார் என்பது என் எண்ணம். டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இன்றும் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

பென்னாகரம் வாசகர் ஒருவர்: அவர்களை அங்கே சமமாக நடத்தினார்களா? திரும்பி வந்தபின் என்ன ஆனார்கள்?

மைதானத்துக்குள் கைதட்டினார்கள். அதற்கு வெளியே நிலைமை ஊருக்கு ஊர் வேறுபட்டது. யார்க் நகரில் மதிய உணவுக் கூடாரத்தில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு முல்லாக் களமிறங்க மறுத்துவிட்டார். இதைப் படிக்கும்போது எனக்கு வேறொருவரும் நினைவுக்கு வந்தார். புணேயில் தலித் ஆட்டக்காரரான பல்வங்கர் பாலுவின் பந்துவீச்சு வேண்டியிருந்தது, ஆனால் அவருக்குத் தேநீரை அரங்குக்கு வெளியே, உடைத்தெறியும் மண் குவளையில்தான் கொடுத்தார்கள். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேல் விக்கெட் வீழ்த்தியவர் அவர். தேநீர்க்கடை இரட்டைக் குவளையைக் கண்ணால் கண்ட தலைமுறை நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆகவே யார்க் கூடாரத்தை வெள்ளையரின் கதையாக மட்டும் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

1869 பிப்ரவரியில் ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு விக்டோரியாவில் நிறைவேறிய சட்டம், பூர்வகுடிகள் எங்கே வசிப்பது, என்ன வேலை செய்வது, கூலி என்ன, பிள்ளைகள் எங்கே வளர்வது என்பதையெல்லாம் முடிவு செய்யும் அதிகாரத்தை வாரியத்துக்கு அளித்தது. கடல் கடந்து நாற்பது ஊர் பார்த்துவந்தவர்களின் நடமாட்டம் அத்தோடு சுருங்கியது. முல்லாக் சிறிது காலம் மெல்போர்ன் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். 1879இல் லார்டு ஹாரிஸின் இங்கிலாந்து அணிக்கு எதிராக விக்டோரியாவுக்காக ஆடி, இரண்டாவது இன்னிங்சில் தம் அணியிலேயே அதிகமாக 36 ஓட்டங்கள் எடுத்தார். பிறகு ஹேரோ பக்கத்துப் பண்ணை வேலைக்கே திரும்பி, 1891இல் இறந்தார்.

டெஸ்ட் ஆட்டத்தில் ஆடிய முதல் பூர்வகுடியைக் காண 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அவர் ஃபெய்த் தாமஸ் என்ற பெண்மணி. ஆண்களில் 1996இல் வந்த ஜேசன் கில்லெஸ்பி முதல்வர். பாலக்கோடு ஆசிரியர் குறிப்பிட்ட பதக்கம் 2020இல் ஏற்படுத்தப்பட்டது. 1868 அணியினர் இடுப்பில் அணிந்த வார்ப்பூட்டின் வடிவத்தை வைத்தே அதை வார்த்திருக்கிறார்கள். முதலில் பெற்றவர் ரஹானே. அடுத்த ஆண்டு, தமது முதல் டெஸ்டிலேயே 7 ஓட்டங்களுக்கு 6 இங்கிலாந்து விக்கெட்டுகளைச் சாய்த்த ஸ்காட் போலண்டுக்கு அது கிடைத்தது. தம் தாய்வழித் தாத்தா விக்டோரியாவின் குலிஜான் குடியைச் சேர்ந்தவர் என்பதை அவர் வளர்ந்து ஆளான பிறகே தெரிந்துகொண்டார்.